சனாமக்கி என்னும் நிலாவாரை: செடியை அறிந்து மருந்தைத் தொடுவோம்



சென்ற மாதம் ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, ஒரு சகோதரர் பையிலிருந்து ஒரு செடிக் கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "சார், இது சனாமக்கிதானே? மையவாடி மதிலோரம் நிறைய நிக்குது. உம்மாவுக்கு மலச்சிக்கல். நபி (ஸல்) அவங்க சொன்ன மருந்துன்னு வீடியோவுல பார்த்தோம். காயவச்சுப் பொடி பண்ணலாம்னு இருக்கோம்" என்றார். மஞ்சள் பூ, காம்பின் இருபுறமும் வரிசையாக இலை, அவரைக்காய் இனம்போல் நீண்ட காய். வீடியோவில் பார்த்ததற்கும் கையில் இருந்ததற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அது சனாமக்கி அல்ல, பேயாவிரை. அதன் விதை வட இந்தியாவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த கதையைப் பின்னால் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இப்படிச் செடிகளோடு என்னைத் தேடி வருபவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நம் இதழில் எழுதிவிட்டால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருமே என்று டிரஸ்ட் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

பெயர் பல, செடி ஒன்று

அரபியில் 'சனா'. மக்கா வழியாக வந்ததால் 'சனாமக்கி'. தமிழில் நிலாவாரை, நிலாவிரை, நிலவாகை. பழைய ஆட்கள் சிலர் 'சூரத்து நிலாவாரை' என்பார்கள். ஒரு காலத்தில் ஹஜ் பயணிகளின் கப்பல்கள் புறப்பட்டதும் வந்து சேர்ந்ததும் சூரத் துறைமுகத்தில்தான் என்பதை நினைத்தால் அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். இந்தியில் சோனாமுகி. மருந்துக் கடை மாத்திரையில் 'சென்னா' அல்லது 'சென்னோசைட்' என்று இருக்கும். எல்லாம் ஒன்றுதான்.

இது தெரியாமல் ஒரே வீட்டில் ஒரே மருந்தை மூன்று பெயரில் சாப்பிடுகிறார்கள். டாக்டர் கொடுத்த சென்னா மாத்திரை இரவில். நாட்டு மருந்துக் கடைக்காரர் கொடுத்த நிலவாகைச் சூரணம் அதற்கு முன். உம்ரா போய் வந்த மச்சான் கொண்டுவந்த சனாமக்கி இலைத் தேநீர் மாலையில். மூன்றும் வேறு வேறு என்று நினைத்தே சாப்பிடுகிறார்கள். வயிறு அதற்கு மூன்று மடங்காகப் பதில் சொல்கிறது.

இதில் நம் பகுதிக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒரு செய்தி உண்டு. இந்தச் செடியின் பூர்வீகம் அரேபியா, எமன், சோமாலியா, சூடான், எகிப்து ஆகிய வறண்ட நிலங்கள். 9-ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர்கள் இதைத் தங்கள் நூல்களில் எழுதினார்கள். அவர்கள் வழியாகத்தான் ஐரோப்பாவுக்கு இது தெரிந்தது. பிறகு நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, 19-ஆம் நூற்றாண்டில் இங்கே பெரிய அளவில் பயிரானது. தண்ணீர் குறைந்த மண்ணும் வெயிலும் அதற்குப் பிடித்துப்போயின. உலக மருந்துச் சந்தையில் இன்றைக்கும் இரண்டு வகைகளைத்தான் சொல்வார்கள். சூடான் பக்கம் விளைந்து முன்பு எகிப்துத் துறைமுகம் வழியாகப் போனது 'அலெக்சாண்டிரியா சென்னா'. நம் ஊரில் விளைந்து தூத்துக்குடி வழியாகப் போவது 'டின்னவெலி சென்னா'. தூத்துக்குடி தனி மாவட்டமாகி 1986-லிருந்து எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. திருநெல்வேலியின் ஆங்கிலப் பெயரும் மாறிவிட்டது. மருந்துச் சந்தையில் மட்டும் அந்தப் பழைய பெயர் நிலைத்துவிட்டது. 'மக்கத்து இலை' என்று நாம் பத்திரமாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவதில் ஒரு பங்கு நம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து கப்பலேறிப் போனதாகவும் இருக்கலாம்.

செடியை எப்படி அடையாளம் காண்பது?

நிலாவாரை இடுப்பளவு உயரக் குறுஞ்செடி. பெரும்பாலும் இரண்டு மூன்று அடி. நல்ல மண்ணில் இன்னும் கொஞ்சம் வளரும். தண்டு வெளிர் பச்சை. ஒவ்வொரு இலைக் காம்பிலும் ஐந்து முதல் எட்டு ஜோடி சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். நுனியில் தனியாக ஒற்றை இலை இருக்காது, ஜோடியோடு முடியும். சிற்றிலை ஒன்றிரண்டு அங்குல நீளம், ஈட்டி முனை போன்ற வடிவம், மஞ்சள் கலந்த பச்சை. நுனியில் மிகச் சிறிய கூர் ஒன்று இருக்கும்.

காய்ந்த இலையானாலும் பச்சை இலையானாலும் அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே இடத்தில் காம்பில் வந்து சேராது. ஒரு பக்கம் சற்று மேலேயே நின்றுவிடும், மறுபக்கம் கீழே இறங்கி வரும். சட்டை பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டதுபோல் ஏறுமாறாக இருக்கும். கடையில் வாங்கும் முழு இலையிலும் இதைப் பார்த்துவிடலாம். பொடியில் பார்க்க முடியாது. பொடியாக வாங்காதீர்கள், இலையாக வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பூ மஞ்சள், கொத்தாக வரும். பூவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இந்த இனத்தில் எல்லாமே மஞ்சள்தான். காய் நல்ல அடையாளம். தட்டையாக, அகலமாக, காகிதம்போல் மெல்லியதாக இருக்கும். ஒன்றரை முதல் இரண்டரை அங்குல நீளம், முக்கால் அங்குல அகலம். உள்ளே இருக்கும் விதைகள் வெளியே மேடாகத் தெரியும்; ஒரு காயில் ஏழெட்டு விதைக்கு மேல் இருக்காது.

இன்னொரு சோதனை என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. இலைக் காம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஆவாரை இனத்துச் செடிகள் பலவற்றில் காம்பின்மேல் கடுகளவு ஒரு முடிச்சு நிற்கும். அது தேன் சுரக்கும் சுரப்பி. எறும்பு அதைத் தேடி வரும். நிலாவாரையின் காம்பில் இந்த முடிச்சு எங்குமே கிடையாது. முடிச்சு இருந்தால் அது நிலாவாரை அல்ல என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

ஒத்துப்போகும் உறவுக்காரச் செடிகள்

ஆவாரையை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காய்ந்த இலையில் ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. ஆவாரையில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள். நுனி மொட்டையாக இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் நான் சொன்ன முடிச்சு உண்டு. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காது மடல்போல் அகலமான இலைச் செதில் ஒன்று ஒட்டியிருக்கும்; இது ஒன்றே போதும், தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். காய் மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் நீளம். ஆவாரம்பட்டை இல்லாவிட்டால் வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் மண்டிகள் அந்தக் காலத்தில் எழுந்திருக்காது. நம் சமுதாயத்தின் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பட்டை சோறு போட்டது. ஆவாரம் பூவின் தேநீரும் நல்லதுதான். ஆனால் நிலாவாரையின் பேதி வேகம் ஆவாரை இலையில் கிடையாது. ஏற்றுமதி மூட்டைகளில் ஆவாரை இலையைக் கலந்து விற்ற வழக்கம் பழைய காலத்திலிருந்தே இருந்தது.

"கலப்படம்தானே, விஷமா என்ன?" என்று கேட்கலாம். பாதி ஆவாரை கலந்த பொடியை ஒருவர் வாங்குகிறார். ஒரு ஸ்பூன் போட்டும் கேட்கவில்லை. இரண்டாக்குகிறார், பழகிப்போகிறது. அடுத்த மாதம் வேறு கடையில் வாங்கிய பொட்டலம் சுத்தமான நிலாவாரை. அதே இரண்டு ஸ்பூனைப் போட்டுக் குடித்துவிட்டு, இரவெல்லாம் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து, காலையில் மயங்கி விழுகிறார்.

அடுத்தது தகரை. மழைக்குப் பின் சாலையோரம் எங்கும் முளைக்கும். மூன்றே ஜோடி இலை, முட்டை வடிவம், காய் நூல்போல் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். குழப்பமே வராது. கடற்கரை மணலில் தரையோடு படர்ந்து நிற்கும் காட்டு நிலாவாரை என்று ஒன்று உண்டு. அதன் இலை நுனி உருண்டிருக்கும். காய் அரிவாள்போல் வளைந்து நடுவில் ஒரு வரப்பு ஓடும். இதற்கும் பேதி குணம் உண்டென்றாலும் கடைச் சரக்கு இது அல்ல.

இனி, அந்தச் சகோதரர் கொண்டுவந்த பேயாவிரை. சிலர் பொன்னாவிரை என்றும் சொல்வார்கள். நான்கைந்து ஜோடி இலை, அகலமாக இருந்து நுனியில் சட்டென்று கூராக முடியும். காம்பின் அடியில் ஒரே ஒரு பெரிய முடிச்சு. கசக்கினால் துர்நாற்றம். காய் நான்கைந்து அங்குலம், ஒடுக்கமாக மேல்நோக்கி நிற்கும். பழுத்தால் நடுவில் பழுப்பு, ஓரம் வெளிர். உள்ளே அடுக்கடுக்காக நிறைய விதைகள். நிலாவாரைக் காயின் அகலமும் தட்டையும் இதில் இல்லை.

மேற்கு உத்தரப் பிரதேசத்தில், சஹாரன்பூர், பிஜ்னோர் பக்கத்துக் கிராமங்களில், பல ஆண்டுகள் மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் சின்னக் குழந்தைகள் வாந்தி எடுத்து, நினைவிழந்து, சில நாட்களில் இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள், வைரஸைத் தேடினார்கள். பிஜ்னோரின் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் ஜேக்கப் ஜானும் மற்றவர்களும் சேர்ந்து ஆராய்ந்து, 2007-லிருந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். காரணம் வைரஸ் அல்ல. வேலியோரம் விளையாடும் பிள்ளைகள் பறித்துத் தின்ற பேயாவிரை விதை. கல்லீரல், தசை, மூளை மூன்றையும் ஒரே நேரத்தில் அது தாக்கியிருந்தது. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், மதியத்தில் கவனிக்க ஆள் இல்லாத பிள்ளைகள்.

அந்தச் செடி நம் தெருக்களிலும் நிற்கிறது. பள்ளிக்கூடம், மதரஸா, மையவாடி மதிலோரங்களில் இருந்தால் காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கிவிடுவது நல்லது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு முறை காட்டி, "இந்தக் காயை வாயில் வைக்கக் கூடாது" என்று சொல்லிவையுங்கள். சித்த வைத்தியர்கள் இதன் பாகங்களை முறைப்படி கையாள்வது வேறு. நாமே பறித்துப் பொடிப்பது வேறு.

ஹதீஸில் சனா

திர்மிதீ, இப்னு மாஜா தொகுப்புகளில் சனாவைப் பற்றிய செய்திகள் உண்டு. அவற்றின் அறிவிப்பாளர் தொடர்களின் தரம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கவனிக்கச் சொல்வது அந்த உரையாடலின் போக்கை. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், வயிறு இளக எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரிக்கிறார்கள். அவர் 'ஷுப்ரும்' என்கிறார். அது கள்ளி இனத்தைச் சேர்ந்த கடுமையான பேதிச் சரக்கு. அது மிகவும் சூடானது என்று நபியவர்கள் சொல்கிறார்கள். அதன் பிறகு அவர் சனாவுக்கு மாறுகிறார், சனா பாராட்டப்படுகிறது.

எனக்கு இதில் தெரிவது, கடுமையானதை விட்டு மென்மையானதைத் தேர்ந்தெடுத்த செய்தி. அதே சனாவை நாம் கைநிறைய அள்ளிப் போட்டு ஷுப்ரும் ஆக்கிவிடுகிறோம்.

இன்னொரு அறிவிப்பில் சனாவோடு 'சனூத்' என்று ஒன்றும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. சனூத் என்பது என்ன என்பதில் பழைய அறிஞர்கள் பல கருத்துகள் சொன்னார்கள். தேன் என்றார்கள் சிலர். சீரக வகை, சோம்பு, சதகுப்பை, நெய்ப்பையில் இருந்த தேன் என்றெல்லாம் மற்றவர்கள். இப்னுல் கையிம் (ரஹ்) தம் நபிவழி மருத்துவ நூலில் இவற்றை வரிசையாக எடுத்துச் சொல்கிறார். எதுவானாலும் எல்லாமே வயிற்றுப் பிடிப்பைத் தணிக்கும் பொருட்கள்தான். யூனானி ஹகீம்கள் சனாவை ரோஜா இதழோடும் பாதாம் எண்ணெயோடும் சேர்த்தே கொடுப்பார்கள். நம் சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் சேரும். மூன்று மரபுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: சனா தனியாகப் போனால் வயிற்றை முறுக்கும், துணை வேண்டும்.

சனாவைப் பற்றிய பாராட்டைப் பிடித்துக்கொண்டு, மலச்சிக்கலில் இருந்து சர்க்கரை, புற்றுநோய் வரை எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2020-இல் கொரோனா பரவியபோது பாகிஸ்தானில் சனாமக்கி கொரோனாவைத் தீர்க்கும் என்று வதந்தி கிளம்பி, கடைகளில் விலை எகிறியது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உடல் வற்றிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்க வேண்டிவந்தது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற ஹதீஸையும் (அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா) அப்படிப் பகிர்கிறவர்கள் சேர்த்துப் பகிர்ந்தால் நன்றாக இருக்கும்.

வயிற்றில் என்ன செய்கிறது?

இலையிலும் காயிலும் சென்னோசைட் என்னும் பொருள் இருக்கிறது. அது இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும். பெருங்குடலை அடைந்ததும் அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன. உடைந்த பொருள்தான் குடலை அசைத்துத் தள்ளச் செய்கிறது. தண்ணீரைக் குடலுக்குள்ளேயே நிறுத்தியும் வைக்கிறது. இந்தப் பயணத்துக்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். இரவில் போட்டால் காலையில் வேலை செய்யும் என்பதற்கு இதுவே காரணம். இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு முறை போடுவது தவறு.

'உடல் மெலியும் தேநீர்' என்று விற்பவை பலவற்றில் முக்கியச் சரக்கு சனாதான். சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. சனா வேலை செய்வதோ அதற்கு அப்பால், பெருங்குடலில். ஆகவே எடை இயந்திரத்தில் குறைவது தண்ணீர். கொழுப்பு அப்படியே இருக்கும். கல்யாணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று மாதக்கணக்கில் இதைக் குடிக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

தினமும் எடுத்தால் தண்ணீரோடு பொட்டாசியம் என்னும் உப்பும் வெளியேறும். பொட்டாசியம் குறைந்தால் கை கால் தளரும், நெஞ்சு படபடக்கும், முற்றினால் இதயத்துடிப்பே தடுமாறும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்கும் இது இரட்டிப்பு ஆபத்து. என் உறவில் ஒரு பெரியவர் ஒரு ரமளான் முழுக்க இரவில் சனாமக்கி எடுத்தார். பி.பி.க்கு நீர் மாத்திரையும் எடுத்துவந்தார். மூன்றாவது பத்தில் தராவீஹ் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தபோது பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். சனாமக்கியைப் பற்றி வீட்டில் யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. "அது மருந்தில்லையே, இலைதானே" என்றார்கள்.

ரமளானில் மலச்சிக்கல் பலருக்கும் வருவதுதான். அந்த மாதத்தில் சனா எடுப்பவர்கள் கணக்கைப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் போட்டால் அதிகாலை நான்கிலிருந்து முற்பகல் பத்துக்குள் வேலை செய்யும். ஸஹர் முடிந்து நோன்பு தொடங்கியபின் வயிறு கழிகிறது. இழந்த தண்ணீரைக் குடித்து ஈடுகட்ட இஃப்தார் வரை வழியில்லை. ரமளானில் பேரீச்சை, ஊறவைத்த அத்தி, பழம், கீரை, இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் போதிய தண்ணீர் என்று சமாளிப்பதே பெரும்பாலோருக்குப் போதும். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்தால் இன்னும் நல்லது. அதற்கும் கேட்காவிட்டால் டாக்டரைக் கேளுங்கள்.

எப்போது, எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சென்னா இருக்கிறது. கடும் நோயில் வலி மருந்தால் மலம் இறுகிப்போனவர்களுக்காக. நல்ல மருந்து என்பதில் சந்தேகமே இல்லை. வயது வந்தவருக்கு எப்போதாவது வரும் மலச்சிக்கலுக்கு, காய்ந்த இலை ஒரு கிராம், மிஞ்சினால் இரண்டு கிராம், படுக்கும் முன். குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. ஒரு வாரத்திலும் சரியாகவில்லை என்றால் அந்த மலச்சிக்கலுக்கு வேறு காரணம் இருக்கிறது.

இலையைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சாதீர்கள். வயிற்றை முறுக்கும் பிசின் அதில்தான் அதிகம் இறங்கும். எங்கள் உம்மும்மா குளிர்ந்த நீரில் இலையை ஊறப்போட்டு வடிகட்டுவார்கள். துளி சுக்கும் தேனும் சேர்ப்பார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது, பழக்கம் சரியாக இருந்தது. இலையைவிடக் காய் மென்மையானது. எடுத்த மறுநாள் சிறுநீர் மஞ்சள் அல்லது சிவப்பு கலந்து வந்தால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்.

12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே வயிற்றுப்போக்கு, வாந்தி, குடல் புண் உள்ளவர்களுக்கும் கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு எந்தப் பேதி மருந்தையும் தொடவே கூடாது. பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது, "வயித்தைக் கழுவி விட்டா சரியாகிடும்" என்று பேதிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அது குடல்வால் அழற்சியாக இருந்தால், பேதி மருந்து அதை உள்ளேயே வெடிக்க வைத்துவிடக்கூடும். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, நடக்கவே முடியாமல் குனிந்துகொள்கிறது என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடையில் வாங்கும்போது முழு இலையாகவும் காயாகவும் கேளுங்கள். அடிப்பாகம் ஏறுமாறாக இருக்கிறதா, நுனி கூராக இருக்கிறதா, நிறம் மஞ்சள் பச்சையா என்று பாருங்கள். கருத்து, பூசணம் வாசம் அடித்தால் விட்டுவிடுங்கள். நல்ல இலைக்கு லேசாகத் தேயிலை வாசம் இருக்கும். வாயில் வைத்தால் வழுவழுப்பும் மெல்லிய கசப்பும் தெரியும். பொட்டலத்தின்மேல் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டாக்டரிடம் போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் ஏற்கெனவே வைத்திருக்கும் இலை எது என்று சந்தேகம் உள்ளவர்கள், வரும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்தபின் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். செடி என்றால் காம்போடும் காயோடும் ஒரு கிளையாகக் கொண்டுவாருங்கள். தனி இலையாகக் கொண்டுவந்தால் என்னாலும் சொல்ல முடியாது. இன்ஷா அல்லாஹ், அஸர் வரை அங்கேதான் இருப்பேன். மையவாடி மதிலோரத்துப் பேயாவிரையைப் பிடுங்க அந்தச் சகோதரரே நான்கு இளைஞர்களைத் திரட்டியிருக்கிறார். மண்வெட்டி உள்ளவர்கள் ஞாயிறு காலை ஃபஜ்ருக்குப் பின் வந்து சேர்ந்துகொள்ளலாம்.